ஒரு போர்டில் இரண்டு கம்பெனி ரேம்: எப்படிச் சேர்ப்பது?

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எனக்கு டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் டிசைன், ஜவுளிக் கடைகளுக்கு விலைச் சீட்டு, ஜெராக்ஸ் என்று பிழைப்பு ஓடுகிறது. கடையில் நான்கு சிஸ்டம். ஒன்றில்கூட ரேம் ஜோடியாக ஒரே கம்பெனி கிடையாது.

திட்டம் போட்டுச் செய்ததல்ல இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போன வாரம், வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கமிருந்து தெரிந்தவர்கள் நனைந்த சி.பி.யூ.க்களை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார்கள். (எங்கள் பக்கம் சி.பி.யூ. என்றால் முழுப் பெட்டியும்தான். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன்.) பெரும்பாலும் போர்டும் பவர் சப்ளையும் போயிருந்தன. ரேம்களைக் கழற்றிக் கழுவி, நாட்கணக்கில் காயவைத்துப் பார்த்தேன். பதினொன்றில் எட்டு உயிரோடு இருந்தன. அந்த எட்டும் ஐந்து கம்பெனி, மூன்று வேகம். எதை எதோடு சேர்த்தால் ஓடும் என்று ஒரு மாதம் போட்டும் கழற்றியும் பார்த்ததில்தான் எனக்குப் பாதி விஷயம் புரிந்தது. மீதியைப் புரியவைத்தது அதற்கு முன் பட்ட ஒரு அடி. அதை அப்புறம் சொல்கிறேன்.

வேறு வேறு கம்பெனி ரேமை ஒரே போர்டில் போடலாமா என்ற கேள்விக்கு முதலில் பதில். போடலாம். "வேற கம்பெனி போட்டா போர்டு பூடும்" என்று கடைக்கு வருகிறவர்கள் அடித்துச் சொல்வார்கள். அப்படி ஒரு போர்டு போய் நான் பார்த்ததில்லை. சேராவிட்டால் டிஸ்ப்ளே வராது, கழற்றினால் வந்துவிடும்.

கம்பெனி பெயருக்கு ஏன் அவ்வளவு மதிப்புத் தர வேண்டியதில்லை என்பதை என் அப்பாவின் தொழிலை வைத்துச் சொல்கிறேன். எம்.சி. ரோடு ஜவுளிக் கடையில் முப்பது வருடம் துணி கிழித்துக் கொடுத்தவர். கடைப் பையில் என்ன பெயர் போட்டிருந்தாலும், துணியின் கரையைப் புரட்டி மில் பெயரைப் பார்க்காமல் பேசமாட்டார். ரேமிலும் அப்படித்தான். உள்ளே இருக்கும் மெமரி சிப்பைச் செய்கிற பெரிய மில்கள் உலகத்தில் மூன்றே: சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான். சின்ன ஆட்களும் சிலர் உண்டு. கிங்ஸ்டன், கோர்செர், ஜி.ஸ்கில், அடாட்டா எல்லாம் சிப் வாங்கிப் பச்சைப் பலகையில் பதித்துத் தங்கள் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள். ஆகவே வெளியே இரண்டு பெயர், உள்ளே ஒரே மில்லாக இருக்கலாம். தலைகீழாகவும் நடக்கும். ஒரே கம்பெனியில் ஒரே மாடலை இரண்டு வருட இடைவெளியில் வாங்கினால் உள்ளே வேறு மில் சிப் இருக்கலாம். சி.பி.யூ-ஸெட் என்ற இலவச மென்பொருளில் எஸ்.பி.டி. பக்கத்தைத் திறந்தால், ஸ்டிக்கர் ஒட்டியவர் யார், சிப் செய்தவர் யார் என்று இரண்டும் தனித்தனி வரியில் காட்டும்.

ஒரே டப்பாவில் இரண்டு ஸ்டிக்காக விற்கிற ஜோடியின் கதை வேறு. அது ஒரே தானில் கிழித்த துணி. கம்பெனியே சேர்த்துச் சோதித்து விற்பதால் அதற்கு மதிப்பு உண்டு. காசு இருந்தால், புது சிஸ்டம் என்றால், அதையே வாங்குங்கள். ஆனால் 2025 கடைசியில் ஏ.ஐ. சர்வர்களுக்கு மெமரி போய்க்கொண்டிருந்ததில் ரேம் விலை ஏறிய ஏற்றம் தெரியும்தானே. நன்றாக ஓடும் 8 ஜி.பி.யைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிதாக ஜோடி வாங்கு என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.

<b>வாங்கப் போகும் முன்</b>

பெட்டியைத் திறக்காமலே பாதி தெரிந்துவிடும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. எவ்வளவு ஜி.பி., என்ன வேகம், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது எல்லாம் அங்கேயே இருக்கும். அப்படியே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கரண்டைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்து, இருக்கும் ரேமின் ஸ்டிக்கரை இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். கடைக்குப் போய் "கிங்ஸ்டன் எட்டு ஜி.பி. ஒண்ணு குடுங்க" என்று கேட்பதைவிட அந்தப் போட்டோவைக் காட்டுவது ஆயிரம் மடங்கு உபயோகம்.

ஸ்டிக்கரில் படிக்க வேண்டியது பெரிய எழுத்தை அல்ல, கீழே இருக்கும் பொடி எழுத்தை. டி.டி.ஆர். தலைமுறை முதலில். 3, 4, 5 மூன்றும் ஒன்றோடொன்று சேரவே சேராது. நடுவில் இருக்கும் வெட்டு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் இடம். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டுக்கும் அடியில் 288 பட்டைதான் (பின் என்பார்கள்), ஆனாலும் வெட்டு இடம் மாறியிருக்கும். "அழுத்தினா உக்காந்துடும்" என்று அழுத்தாதீர்கள். ஸ்லாட் உடைந்த போர்டை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து வேகம். பிசி4-2666 என்றோ பிசி4-21300 என்றோ இருக்கும். இரண்டும் ஒன்றேதான், ஒன்று வேகம், இன்னொன்று ஒரு நொடிக்கு எத்தனை மெகாபைட் என்ற கணக்கு. வேகம் வேறுபட்டால் பயமில்லை. ஒவ்வொரு ரேமிலும் எஸ்.பி.டி. என்று ஒரு பொடி சிப் இருக்கிறது, அந்த ரேமின் ஜாதகம் மாதிரி. ஆன் செய்ததும் பயாஸ் (போர்டிலேயே இருந்து முதலில் ஓடும் மென்பொருள்) இரண்டு ஜாதகத்தையும் படித்து, இருவருக்கும் ஒத்துவரும் வேகத்தைப் பிடிக்கும். 2400-ம் 3200-ம் போட்டால் இரண்டும் 2400-ல் ஓடும். அதனால்தான் புதிதாக வாங்குவது பழையதைவிட வேகம் கூடியதாக இருந்தால் பரவாயில்லை, குறைந்ததாக இருந்தால் பழையதையும் இழுத்துக்கொண்டு இறங்கும். என் டிசைன் சிஸ்டத்தில் ஐ5-8400, எச்310 போர்டு, பழைய கிங்ஸ்டன் 8 ஜி.பி. 2666. கடையில் 2666 இல்லை என்று அடாட்டா 3200 கொடுத்தார்கள். போட்டேன், இரண்டும் 2666-ல் ஓடுகின்றன. அந்தப் பிராசசருக்கே 2666-தான் எல்லை, ஆகவே எனக்கு நஷ்டம் எதுவுமில்லை.

அதே பொடி எழுத்தில் 1ஆர்எக்ஸ்8, 2ஆர்எக்ஸ்8 என்று ஒன்று இருக்கும். ரேங்க் என்பார்கள், சிப்களை எத்தனை கூட்டமாகப் பிரித்திருக்கிறது என்ற கணக்கு. முடிந்தால் இரண்டும் ஒரே மாதிரி பாருங்கள். கிடைக்கவில்லையா, விடுங்கள், பெரும்பாலும் ஓடும்.

ஆனால் வேகத்துக்கு அப்புறம் வரும் ஒரு எழுத்தை மட்டும் விடாதீர்கள். 2666வி-யு என்று 'யு' இருந்தால் சாதாரண டெஸ்க்டாப் ரேம். 'எஸ்' என்றால் லேப்டாப். 'ஆர்' என்றால் சர்வர் ரேம். செகண்ட்ஸில் சர்வர் ரேம் சிலசமயம் மலிவாகக் கிடைக்கும், 16 ஜி.பி. ஒரே ஸ்டிக், பார்த்தால் ஆசையாக இருக்கும். டி.டி.ஆர்.4-ல் ஸ்லாட்டிலும் அழகாக உட்காரும். டிஸ்ப்ளே மட்டும் வராது. நடுவில் கூடுதலாக ஒரு சிப் தனியே தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

டி.டி.ஆர்.3 இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் 1.5 வோல்ட் ஒன்று, 1.35 வோல்ட்டில் ஓடும் 'எல்' ஒன்று. டெஸ்க்டாப்பில் இரண்டையும் கலந்தால் 1.5-ல் ஓடும், 'எல்' அதைத் தாங்கும். லேப்டாப்பில் கவனம். இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்கள் பெரும்பாலும் 'எல்' மட்டும்தான் ஏற்கும். எச்61, எச்81 போர்டுகளில் மொத்தம் 16 ஜி.பி.தான் எல்லை, ஸ்லாட்டுக்கு 8. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். இன்னொரு பொறி, "ஏ.எம்.டி.க்கு மட்டும்" என்று மலிவாக விற்கும் டி.டி.ஆர்.3 ஸ்டிக். இன்டெல் போர்டில் அது எழுந்திருக்காது. அப்புறம், 32 பிட் விண்டோஸ் இருக்கும் சிஸ்டத்தில் 4 ஜி.பி.க்கு மேல் போட்டுப் பிரயோஜனமில்லை. முதலில் அதை மாற்றுங்கள்.

வாங்குவது என்றால் ரிச்சி ஸ்ட்ரீட், சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத் தெரு. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடி, உயர் நீதிமன்றம், சென்ட்ரல் தாண்டி நான்காவது ஸ்டேஷன் அரசினர் தோட்டம், இறங்கி நடக்கிற தூரம். பில் போட்டு வாங்குங்கள், "சேரலைன்னா மாத்தித் தருவீங்களா அண்ணே" என்று காசு கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

<b>போடுவது</b>

ஷட் டவுன் செய்து, வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சக் கரண்ட் இறங்கட்டும். பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருதரம் தொட்டுவிட்டு ரேமைத் தொடுங்கள், அதுவும் ஓரத்தைப் பிடித்து.

இரண்டு ஸ்லாட் போர்டு என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது. பெரும்பாலான போர்டுகளில் அதுதான் சரியான ஜோடி, போர்டின் கையேட்டில் ஏ2, பி2 என்று இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் செருகினால் ஓடும், ஆனால் ஒற்றை வழியில்தான் (சிங்கிள் சேனல்) போகும். 2666 ரேம் ஒற்றை வழியில் நொடிக்கு 21 ஜி.பி. சொச்சம் நகர்த்தும், இரட்டை வழியில் அதன் இரு மடங்கு. கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் ரைசன் 3 3200ஜி வைத்துக்கொண்டு "கேம் இழுத்து இழுத்து ஓடுதுக்கா" என்று வந்தான். இருந்த 8 ஜி.பி.யோடு என் புயல் டப்பாவிலிருந்து வேறு கம்பெனி 8 ஜி.பி. ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தேன். மறுநாள் "இன்னாக்கா பண்ண?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். அந்தப் பிராசசரின் கிராபிக்ஸ், ரேமிலிருந்துதான் சாப்பிடுகிறது. ஒரு கையால் சாப்பிட்டதை இரண்டு கையாலும் சாப்பிட வைத்தேன், அவ்வளவே.

அளவு வேறானாலும், 4-ம் 8-ம் என்று இருந்தாலும் பெரும்பாலும் ஓடும். இன்டெல் போர்டில் நாலும் நாலும் இரட்டை வழியில் போக, மிச்ச 4 ஒற்றை வழியில் போகும்.

செருகும்போது கிளிப்பைத் திறந்து, வெட்டைப் பொருத்தி, இரண்டு முனையிலும் கட்டை விரலால் சமமாக அழுத்துங்கள். 'டக்' என்று சத்தம் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கிளிப் உள்ள போர்டுகளில் கிளிப் இல்லாத முனை அரைகுறையாக நின்றுவிடும். டிஸ்ப்ளே வரவில்லை என்ற புகாரில் பாதி இதுதான்.

மீதிப் பாதி, எங்கள் ஊர் சமாச்சாரம். காசிமேடு கடல் இங்கிருந்து கூப்பிடு தூரம். உப்புக்காற்றில் கேட், கிரில் எல்லாம் துருப்பிடிப்பது போல ரேமின் தங்கப் பட்டைகளும் மங்கிக் கறுத்துவிடும். பழைய ரேமை இரண்டு வருடம் தொடாமல் வைத்திருப்பார்கள், புதியதைப் போடும்போது அது லேசாக அசைந்து, தொடர்பு விட்டுப்போகும். உடனே "கம்பெனி ஒத்துக்கலை" என்று புது ரேம் மேல் பழி. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைப்பது உத்தமம். அவசரத்துக்கு வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்க்கலாம், நாங்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் தங்கம் மெல்லிய பூச்சு, வருடத்துக்கு நாலு தரம் தேய்த்தால் போய்விடும். ரப்பர் தூள் ஸ்லாட்டில் விழாமல் தள்ளி நின்று தேயுங்கள், பிரஷ்ஷால் தட்டிவிட்டுப் போடுங்கள்.

முதல் தரம் ஆன் செய்ததும் பதறாதீர்கள். போர்டு தானாகவே இரண்டு மூன்று முறை அணைந்து எரியலாம், புது ரேமோடு கணக்குப் பார்க்கிறது. டி.டி.ஆர்.5 என்றால் திரை கறுப்பாகவே சில நிமிஷம் கிடக்கும். அவசரப்பட்டு வயரைப் பிடுங்கினால் மறுபடி முதலிலிருந்து.

<b>எக்ஸ்.எம்.பி. எனும் ஆசை</b>

ரேம் டப்பாவில் 3200, 3600 என்று போட்டிருப்பது பலசமயம் எக்ஸ்.எம்.பி. வேகம், அதாவது ரேம் கம்பெனி ஜாதகத்தில் எழுதிவைத்த கூடுதல் வேகம். பயாஸில் அதை ஆன் செய்யாதவரை அதே ரேம் 2133-லோ 2400-லோ ஓடும். ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையோடு 2022-ல் எக்ஸ்போ என்று இன்னொன்றும் வந்தது. ஜோடியாக வாங்கிய ரேமில் ஆன் செய்து ஓட்டலாம். கலப்பு ரேமில் நான் முதலில் அணைத்தே வைப்பேன். காரணம், அது ஒரு ரேமின் ஜாதகத்தில் எழுதியிருக்கும் வேகத்தையும் நேரக் கணக்கையும் (கேட்டதைத் தர எவ்வளவு தாமதம் என்பது) இரண்டின் மேலும் திணிக்கும். மற்றது தாங்கினால் அதிர்ஷ்டம். தாங்காவிட்டால் டிஸ்ப்ளே வராது, இல்லையென்றால் வந்து நடுவில் தொங்கும்.

அப்படி மாட்டிக்கொண்டால் வயரைப் பிடுங்கிவிட்டுப் போர்டில் இருக்கும் 2032 பட்டன் பேட்டரியை ஐந்து நிமிஷம் கழற்றி வைத்து மாட்டுங்கள். பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தேதி, நேரம் மட்டும் மறுபடி வைக்க வேண்டும். எல்லாம் நிலையாக ஓடிய பிறகு வேகம் வேண்டும் என்றால், இரண்டில் மெதுவானதன் வேகத்தையும், இரண்டில் தளர்வான நேரக் கணக்கையும் கையால் போடுங்கள். ஸ்டிக்கரில் சி.எல். என்று இருப்பது அந்த நேரக் கணக்குதான், சி.எல்.16-ம் சி.எல்.19-ம் இருந்தால் 19. உண்மையைச் சொன்னால் பத்திரிகை டிசைனுக்கும் பில்லிங்குக்கும் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. 8 ஜி.பி. 16 ஆனது தெரியும்.

டி.டி.ஆர்.5-ல் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பாதீர்கள், அதுவும் கலந்து. இரண்டு ஸ்டிக்கில் 5600, 6000 ஓடுகிற போர்டு நாலு போட்டதும் வேகத்தைத் தடாலென்று குறைக்கும். ரைசன் 7000-க்கு நாலு ஸ்டிக்கில் ஏ.எம்.டி. உறுதி சொல்வதே 3600-தான். அங்கே மட்டும் நான் கட்சி மாறிவிடுவேன். பழையதை விற்றுவிட்டுப் பெரிய ஜோடி ஒன்றை வாங்குங்கள்.

<b>ஓடுகிறது என்பது வேறு, சரியாக ஓடுகிறது என்பது வேறு</b>

இப்போது அந்த அடி. 2019-ல் செகண்ட்ஸ் கடை ஒன்றில் 8 ஜி.பி. ஒன்று மலிவாக வந்தது. போட்டேன், 16 ஜி.பி. காட்டியது, சந்தோஷம். இரண்டு வாரம் கழித்து கோரல்டிராவில் சேமித்த ஒரு கல்யாணப் பத்திரிகை திறக்க மறுத்தது. அப்புறம் ஒரு ஜிப் ஃபைல். இரண்டு நாளுக்கு ஒரு தரம் நீலத் திரை. வைரஸ் என்று விண்டோஸை மூன்று முறை மாற்றினேன், ஹார்டு டிஸ்க் வாங்கினேன். பெண் வீட்டார் காலையில் வருகிறார்கள் என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து நான்கு பக்கப் பத்திரிகையை முதலிலிருந்து அடித்தேன், தாய்மாமன் பெயர்கள் மட்டுமே பதினேழு. கடைசியில் ஒருவர் சொல்லி ரேமைச் சோதித்தால் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ரேம் கெட்டால் கத்திச் சொல்லாது. ஓடிக்கொண்டே, சேமிக்கிற ஃபைலை அரித்துக்கொண்டிருக்கும்.

அன்றிலிருந்து சோதிக்காமல் எந்த ரேமையும் வேலைக்கு விடுவதில்லை. ஸ்டார்ட்டில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடினால் வருவது முதல் சல்லடை மட்டும். மெம்டெஸ்ட்86 பிளஸ் இலவசம், பென்டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்ய வேண்டும். பூட் ஆகவில்லை என்றால் பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியிருக்கலாம். முதலில் புது ரேமைத் தனியாக, அப்புறம் இரண்டையும் சேர்த்து. ராத்திரி ஷட்டரை இறக்கும்போது ஓட விட்டுவிட்டுப் போவேன். ஒரே ஒரு பிழை வந்தாலும் தேறவில்லை என்றுதான் அர்த்தம். "ஒண்ணே ஒண்ணுதானே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. சித்திரை, வைகாசியில் சோதிக்கிறவர்கள் மத்தியான வெயிலில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். என் கடையில் ஏ.சி. கிடையாது, ராத்திரி தேறிய ஒரு ரேம் பகல் இரண்டு மணிக்கு விழுந்திருக்கிறது.

தனித்தனியாகத் தேறி, சேர்த்தால் மட்டும் பிழை வந்தால் அதுதான் உண்மையிலேயே சேராத ஜோடி. அப்போதும் உடனே கைவிட வேண்டாம். இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். வேகத்தை ஒரு படி இறக்குங்கள், 3200 என்றால் 2933, இல்லாவிட்டால் 2666. போர்டு கம்பெனி தளத்தில் புதிய பயாஸ் இருந்தால் ஏற்றுங்கள், கரண்ட் போகாத நேரம் பார்த்து. என் எட்டில் ஒரு ஜோடி இப்படிப் படி இறங்கித்தான் வழிக்கு வந்தது. இன்னொரு ஜோடி எதற்கும் மசியவில்லை, பிரித்து வேறு வேறு சிஸ்டத்தில் போட்டேன். இரண்டும் அங்கங்கே இன்றுவரை ஒழுங்காக இருக்கின்றன.

தேறிய பிறகு, பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள்: எந்த ஸ்லாட்டில் எந்தக் கம்பெனி, என்ன வேகம், சோதித்த தேதி. பில்லையும் மடித்து அங்கேயே ஒட்டுவேன். வாரண்ட்டிக்குப் போகும் நாளில் பில் தேடி வீட்டில் பீரோவைக் கலைக்க வேண்டாம்.